வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி: எந்த நிலைக்கு எந்தப் பாடத்திட்டம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் கணக்கைப் பற்றிய கவலை சீக்கிரம் தீர்ந்துவிடும். எழுத்தைப் பற்றிய கவலை மட்டும் தீராது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டில் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை.

"எழுத்துக்குன்னு தனியா ஒரு பாடத்திட்டம் வாங்கித்தான் ஆகணுமா?"

பத்து வயதுவரை கட்டாயமில்லை. நல்ல கதைப் புத்தகங்கள், கோடு போட்ட ஒரு நோட்டு, தினம் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்காரும் ஒரு பெரியவர் இருந்தால் போதும். 'இன்றைக்கு என்ன செய்வது' என்று தினமும் காலையில் யோசிக்க நேரமில்லாத பெற்றோருக்குத்தான் பாடத்திட்டம் பெரிய உதவி. அந்தக் காரணத்துக்காக வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் வாங்கிவிட்டால் பிள்ளை எழுதிவிடும் என்று நம்பி வாங்கினால், புத்தகம் அலமாரியில்தான் இருக்கும்.

"பொண்ணுக்கு எட்டு வயசு. அப்ப மூணாம் வகுப்புப் புத்தகம்தானே?"

வயதையும் வகுப்பையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எழுதும்போது மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கை எழுத்தை வரைகிறது, மனம் வாக்கியத்தைக் கட்டுகிறது, அதற்கும் பின்னால் என்ன சொல்வது என்கிற யோசனை ஓடுகிறது. இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் ஒரே உயரத்தில் இருப்பது அபூர்வம்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. தெரிந்த கதையிலிருந்து நாலு வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கையை மட்டும் கவனியுங்கள். பிறகு இரண்டு வாக்கியங்களைச் சொல்லி எழுத வையுங்கள்; காதில் கேட்டதை எழுத்தாக்குகிறாளா என்று தெரியும். கடைசியாக, நேற்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எழுத வேண்டாம். பார்த்து எழுதுவது மூன்றாம் வகுப்பு மாதிரியும், சொல்வதெழுதுதல் ஒன்றாம் வகுப்பு மாதிரியும், வாயால் சொல்வது ஐந்தாம் வகுப்பு மாதிரியும் இருக்கலாம். எங்கே தடுமாறுகிறாளோ அதற்கான புத்தகத்தைத் தேடுங்கள்.

தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பயிற்சி கொடுத்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலேயே நிலை பார்க்கிறார்கள் என்றால், இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாம் ஏன் அட்டையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்?

"பையனுக்கு அஞ்சு வயசு. பென்சிலையே சரியா பிடிக்க மாட்டேங்கிறான். எழுத வைக்கலாமா?"

பென்சிலுக்கு முன்னால் விரலுக்கு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, சப்பாத்தி மாவை உருட்டுவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது எல்லாமே எழுத்துப் பயிற்சிதான். விஜயதசமி அன்று நெல்லில் விரலால் எழுத வைக்கிறோமே, அதை அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல் தட்டில் மணலோ ரவையோ பரப்பித் தொடரலாம்.

எழுத்தை ஆரம்பிக்கும்போது அகர வரிசையில் போகாதீர்கள். 'அ', 'இ' இரண்டும் ஐந்து வயதுக் கைக்குக் கடினமான வளைவுகள். ட, ப, ம என்று வடிவம் எளிதான எழுத்துகளில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே 'படம்', 'மடம்' என்று முழுச் சொல் வந்துவிடும். உயிரெழுத்துகளைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். 247-ஐயும் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் சொல்லுக்கே போவது என்று வைத்துக்கொண்டால் பிள்ளை சலித்துப்போகும்.

"தமிழ் முதல்லயா, இங்கிலீஷ் முதல்லயா?"

வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியில். யோசனை அந்த மொழியில்தான் ஓடும். மற்றதை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எழுத்தில் தொடங்கலாம்; அதுவரை கதை படித்துக் காட்டுவதும் பேசுவதும் போதும்.

"பார்த்து எழுதுறது, சொல்வதெழுதுதல்… இதெல்லாம் பள்ளிக்கூடத்துல நம்மள வாட்டினது. இதையே வீட்லயும் செய்யணுமா?"

வாட்டியது அளவு. பத்துப் பக்கம் எழுதி வா என்றால் யாருக்கும் கை வலிக்கும். முறையில் குறையில்லை. இங்கிலாந்தில் வீட்டுக்கல்வி முன்னோடியாகக் கருதப்படும் சார்லட் மேசன் (1842–1923) இதே இரண்டையும் சொன்னார். கூடவே நிறைய எழுதுவதைவிடக் கொஞ்சம் எழுதினாலும் திருத்தமாக எழுத வேண்டும் என்றார். ஒரே ஒரு நல்ல வாக்கியம், நல்ல புத்தகத்திலிருந்து. ஐந்து நிமிடம். முடிந்தது.

சொல்வதெழுதுதலில் ஒரு திருத்தம் செய்யுங்கள். பள்ளியில் தெரியாத சொற்களைச் சொல்லி, தப்பை எண்ணினார்கள். வீட்டில் முந்தின நாள் பார்த்து எழுதிய அதே வாக்கியத்தை மறுநாள் சொல்லுங்கள். தப்பு வருவதற்கு முன்பே தடுப்பதுதான் நோக்கம்.

"பேச விட்டா வாய் ஓயாது. எழுதச் சொன்னா ரெண்டு வரியில முடிச்சுடறா. என்ன பண்றது?"

இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. மேலே சொன்ன மூன்று வேலைகளில் யோசனை நன்றாக ஓடுகிறது, கையும் வாக்கியமும் பின்தங்குகின்றன. அப்படியானால் கொஞ்ச நாள் கை வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

ஏழு வயதுப் பிள்ளை இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "மாடில வத்தல் காய வச்சோமா, காக்கா வந்து தூக்கிட்டுப் போயிருச்சு, பாட்டி குச்சி எடுத்துட்டு வந்தாங்களா, அதுக்குள்ள இன்னொரு காக்கா வந்துருச்சு!" ஒரே மூச்சு. நீங்கள் எழுதும்போது ஒவ்வொரு செய்தியாக நிறுத்தி, அவளுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே எழுதுங்கள்: "மாடியில் வற்றல் காய வைத்தோம். காகம் ஒன்று தூக்கிக்கொண்டு போனது. பாட்டி குச்சியோடு வந்தார். அதற்குள் இன்னொரு காகம் வந்துவிட்டது." ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள். இந்த நாலு வாக்கியங்களில் அவளுக்குப் பிடித்த ஒன்றை அவள் பார்த்து எழுதட்டும். மறுநாள் அதுவே சொல்வதெழுதுதல்.

சில மாதங்களில் முதல் வாக்கியத்தை நீங்களும் இரண்டாவதை அவளும் எழுதலாம். அதன் பிறகு நீங்கள் சமையலைப் பார்க்கலாம், அவள் எழுதுவாள். எட்டு வயதில் இந்தக் கட்டத்தைத் தாண்டும் பிள்ளையும் உண்டு, பதினொன்றில் தாண்டுவதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பெரியம்மா கேட்டாலும் சிரித்துவிட்டு விடுங்கள்.

"'வந்துருச்சு', 'சொன்னாங்க'ன்னு பேசுற மாதிரியே எழுதறான். உடனே திருத்தணுமா?"

வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஆங்கிலம் பேசி வளரும் குழந்தை ஏறக்குறைய பேசுகிற மாதிரியே எழுதலாம். நம் பிள்ளைகள் எழுத உட்காரும்போதே வினைச்சொற்களில் பாதியை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை தெரியாமல் 'சோம்பேறி' என்கிறோம்.

எட்டு ஒன்பது வயதுவரை பேச்சு வழக்கில் எழுதினால் எழுதட்டும். எழுத்து வழக்கு காது வழியாக வர வேண்டும்; அதற்குத் தினமும் புத்தகத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு விளையாட்டாக மாற்றலாம்: அவன் எழுதிய நாலு வரியைச் செய்தி வாசிப்பவர் படித்தால் எப்படிப் படிப்பார் என்று கேளுங்கள். 'போயிருச்சு' தானாகவே 'போய்விட்டது' ஆகும். ஒன்று மட்டும்: கதையில் பாட்டி பேசும் வரி பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் பாட்டி "காக்கையை விரட்டுங்கள்" என்று சொன்னால் அது பாட்டியே இல்லை.

"அமெரிக்காவுல நிறைய பேர் பயன்படுத்துற பாடத்திட்டங்கள் இருக்கே. அதுல எது நல்லது?"

ஆங்கிலத்துக்கு மட்டும் என்றால் பேசலாம். பெரும்பாலும் மூன்று போக்குகள். மேசன் வழி வந்தவை: கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், பார்த்து எழுதுதல். இரண்டாவது, கட்டமைப்பைச் சொல்லிக்கொடுப்பவை. 'இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்' இதில் பிரபலம். ஒரு பத்தியில் வாக்கியத்துக்கு அதிகபட்சம் மூன்று முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, குறிப்பை வைத்து மீண்டும் எழுத வைப்பார்கள். மூன்றாவது, மனதில் வருவதைத் தடையில்லாமல் எழுதவிட்டுப் பிறகு செதுக்குபவை. 'பிரேவ் ரைட்டர்' அந்த வகை.

'என்ன எழுதறதுன்னே தெரியல' என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகை பிடிமானம் தரும். நிறைய எழுதும், ஆனால் தலையும் வாலும் இல்லாமல் எழுதும் பிள்ளைக்கும் அதுவே. பள்ளியிலிருந்து பாதியில் வந்து, சிவப்பு மையைக் கண்டாலே முகம் சுருங்கும் பிள்ளைக்கு மூன்றாவது. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் முதல் வகையே போதும், அதற்குப் பணமும் தேவையில்லை. டாலர் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி இரண்டு வாரம் செய்து பாருங்கள். பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன.

"அதே முறையைத் தமிழுக்கும் போட்டுப் பார்க்கலாமா?"

போடலாம், அளவை மாற்றிக்கொண்டு. மூன்று முக்கியச் சொல் என்ற விதியைப் பாருங்கள். 'பாட்டி குச்சியோடு வந்தார்' என்ற முழு வாக்கியமே மூன்று சொல்தான்! ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்பவை தமிழில் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தமிழில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. அதையும் விகுதி இல்லாமல் 'குச்சி', 'வா' என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அப்படியே நகலெடுத்துவிடுவார்கள்.

ஆங்கிலப் பாடத்திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வரும் எழுத்துக்கூட்டல் பட்டியல்கள் தமிழுக்குத் தேவையில்லை. அந்த நேரத்தை ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மூன்றுக்கும் கொடுங்கள்.

"அந்த ந-ன-ண தான் பிரச்சினையே. ஒற்றுப் பிழையும் சேர்ந்துக்குது. எல்லாத்தையும் திருத்திட்டா நோட்டே சிவப்பாயிடுது…"

ஒரு நேரத்தில் ஒரு பிழை. இந்த மாதம் ந-ன-ண என்றால் அது மட்டும். இதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது: மூன்றின் பெயரிலேயே துணை எழுத்து உட்கார்ந்திருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). தமிழ்ச் சொல் ண-விலோ ன-விலோ தொடங்காது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பாதித் தப்பு போய்விடும். மீதிப் பாதி படிக்கப் படிக்கத்தான்.

ஒற்றுக்கு இலக்கணப் பட்டியல் முழுவதையும் பத்து வயதில் திணிக்க வேண்டாம். இரண்டே இடம்: 'ஐ' உருபுக்குப் பிறகும் 'கு' உருபுக்குப் பிறகும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். வீட்டைப் பார்த்தான், கடைக்குப் போனான். பெரியவர்கள் எழுதும் வாட்ஸ்அப் செய்திகளில் இந்த இரண்டும் சரியாக இருந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

"அரசுப் பாடநூலே போதும்னு சிலர் சொல்றாங்க. உண்மையா?"

ஆறாம் வகுப்பிலிருந்து பெருமளவு உண்மை. 2018 முதல் வந்த புதிய தமிழ்ப் பாடநூல்களில் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' என்ற பகுதிகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். கடிதம், கட்டுரை, மொழிபெயர்ப்பு, சொற்றொடர்ப் பயிற்சி எல்லாம் இருக்கும். பிடிஎஃப் இலவசம். கீழ் வகுப்புகளுக்குப் பாடநூலோடு ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை பிரித்துக் கிடக்கும் தமிழ்க் கதைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.

நோட்ஸ் புத்தகத்தை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தயாராக இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்யும் பழக்கத்திலிருந்து தப்பிக்கத்தானே நம்மில் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்தோம்?

"மூணு பிள்ளைங்க. ஆறு, ஒன்பது, பதிமூணு. மூணு பாடத்திட்டம் ஓட்ட எனக்கு முடியாது."

ஓட்ட வேண்டாம். கேட்பதும் பேசுவதும் மூவருக்கும் ஒன்றாக, எழுதுவது மட்டும் தனித்தனியாக. மேலே சொன்ன வற்றல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது சொல்கிறது. அதில் ஒரு வரியைப் பார்த்து எழுதுகிறது. ஒன்பது வயது அதே சம்பவத்தைத் தானே ஒரு பத்தியாக எழுதுகிறது. பதிமூன்று வயதுக்கு 'வற்றல் போடுவது எப்படி' என்று, இதுவரை போட்டே பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுதும் வேலை. உப்பு எப்போது, எத்தனை வெயில் என்று பாட்டியிடம் போய்க் கேட்டால்தான் எழுத முடியும். விட்டுப்போன படி எது என்று பாட்டியே படித்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

பெரியவனுக்குத் தனியாகப் புத்தகம் வாங்குவதென்றால் வாங்குங்கள், அவன் தானே செய்துகொள்வான். சின்னவர்கள் இருவருக்கும் தனித்தனியாக வாங்குவது வீண்செலவு.

"எனக்கே தமிழ்ல தப்பில்லாம எழுத வராது. இங்கிலீஷ் மீடியம். நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?"

நீங்களும் பிள்ளையோடு எழுதுங்கள். பார்த்து எழுதுவதற்குப் புத்தகம்தான் ஆசிரியர். ஒப்பிட்டுப் பார்க்கக் கண் இருந்தால் போதும். திருத்துவதற்கு வீட்டில் தாத்தா, பாட்டி, தமிழ் வழியில் படித்த சித்தி என்று யாராவது இருப்பார்கள். வாரம் ஒரு கடிதம் அவர்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லி, அவர்களையும் பதில் எழுதச் சொல்லுங்கள். படிக்க ஓர் ஆள் காத்திருக்கிறார் என்றால் பிள்ளை எழுதும் விதமே மாறும்.

"சொல்றது அருமையா சொல்றான். பத்து வயசாச்சு, எழுதினா எழுத்தே புரியல, கை வலிக்குதுன்னு அழறான். பிடிவாதமா?"

பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். வாய்மொழிக்கும் கைக்கும் இவ்வளவு தூரம் இருந்து, நிதானமான பயிற்சிக்குப் பிறகும் குறையவில்லை என்றால், எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். குழந்தை நல மருத்துவரிடம் சொல்லி, ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உள்ளன. சான்றிதழ் இருந்தால் பின்னாளில் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி கேட்கலாம்.

இதற்கிடையே எழுத்துக் கல்வியை நிறுத்தாதீர்கள். அவன் சொல்ல நீங்கள் எழுதும் முறையைத் தொடருங்கள், தட்டச்சையும் தொடங்குங்கள்.

"அப்ப மத்த பிள்ளைங்களும் டைப் பண்ணலாமா? போன்ல பேசினா அதுவே எழுதிடுதே?"

பத்துப் பதினொரு வயதுக்கு மேல், கையெழுத்து நிலைத்த பிறகு செய்யலாம். 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டும் முறையைவிட 'தமிழ்99' விசைப்பலகையைப் பழக்குங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தரம் அது; உயிர் ஒரு கைப்பக்கம், மெய் மறு கைப்பக்கம். மொழியின் அமைப்பே விரலில் உட்கார்ந்துவிடும்.

பேசினால் எழுதும் வசதி, நீங்கள் எழுத்தர் வேலை பார்ப்பதற்குச் சமம். முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். கேட்டால் கட்டுரையே எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு கதை. பதினைந்து வயதில் தன் கட்டுரையில் ஓட்டை எங்கே என்று அதனிடம் கேட்கலாம். பத்து வயதில் அதன் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி.

"பரீட்சைக்கு எப்போ தயார் பண்ணணும்? கட்டுரையெல்லாம் அப்ப வருமா?"

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை. ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு; வீட்டிலேயே எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது சாதகம். மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யின் முதல்மொழி ஆங்கிலத்தில், படித்த பகுதியை வைத்து எழுதும் கட்டுரை ஒன்றும், 350 முதல் 450 சொற்களில் வருணனையோ கதையோ ஒன்றும் வரும்.

தேர்வுக்கு என்று தனிப் பயிற்சி கடைசி ஒன்றரை வருடம் போதும். அப்போது பழைய வினாத்தாள், கடிகாரம், மதிப்பெண் பிரிப்பு. அதற்கு முன்னாலேயே தொடங்கினால் பிள்ளை மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதக் கற்றுக்கொள்ளும். பதின்மூன்று வயதில் ஒரு பக்கம் தானாக எழுதும் பிள்ளைக்கு வடிவம் கற்றுக்கொள்வது பெரிய வேலையில்லை. ஒரு பத்திகூட வரவில்லை என்றால் வினாத்தாளை மூடிவிட்டு, 'வாய் ஓயாது' கேள்வியின் பதிலுக்குத் திரும்பிப் போங்கள், வயது தடையில்லை.

"பணம் போட்டு வாங்கியாச்சு. மூணு மாசமா தினமும் அழுகை. விட்டுடலாமா, முடிக்க வைக்கணுமா?"

முதலில் புத்தகத்தை இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு இரண்டாம் பதிலில் சொன்ன மூன்று சோதனைகளை மீண்டும் செய்யுங்கள். நிலை அதிகமாக இருந்தால் அதே பாடத்திட்டத்தின் கீழ் நிலைக்கு இறங்குங்கள்; அட்டையில் உள்ள எண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டால் பிள்ளைக்கு வருத்தம் இருக்காது. நிலை சரியாக இருந்தும் அழுகை என்றால் அளவைப் பாதியாக்குங்கள். அதற்கும் அழுதால் முறை ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குள் பழைய புத்தகம் வாங்க எப்போதும் யாராவது இருப்பார்கள். எழுதாத பக்கங்கள் அதிகமிருந்தால் விலையும் நன்றாகவே கிடைக்கும்.